எங்கள் வளவில் குரங்கு பூச்சியம்: மாத்தளையிலிருந்து ஒரு கணக்கு

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 7.55 மணிக்கே நான் பின்வளவில் போய் நின்றுவிட்டேன். கையில் படிவம், காதில் செருகிய பேனை. சரியாக 8 மணிக்குத் தொடங்கி 8.05க்கு முடிக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் எங்கள் காணிக்குள் கண்ணில் படுகிற குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எண்ணினால் ஒரே மிருகத்தை இரண்டு வீட்டார் எண்ண மாட்டார்கள் என்பது ஏற்பாடு. இதற்காக ஏறத்தாழ 40,000 உத்தியோகத்தர்கள் ஈடுபடுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்திருந்தன.

8.05 ஆனது. ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பலாமரத்தில் ஒரு காகம் மட்டும் இருந்தது. காகத்துக்குப் படிவத்தில் இடமில்லை. நான்கு கட்டங்களிலும் பூச்சியம் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

8.20க்கு வந்தன. முதலில் ஒரு பெரிய ஆண் குரங்கு தண்ணீர்த் தாங்கியின் மூடியில் குதித்தது. பிறகு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தாய்கள். எண்ணினேன், 23. ரம்புட்டான் கிளை முறிந்தது. தென்னையில் ஏறியது நாலைந்து குரும்பையைப் பறித்து, ஒன்றில் மட்டும் வாய் வைத்துவிட்டு மிச்சத்தைக் கூரைமேல் எறிந்தது. படிவத்தை எடுத்துத் திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நேரம் முடிந்துவிட்டது. ஆகவே அரசாங்கப் பதிவின்படி எங்கள் வளவில் குரங்கு இல்லை.

எங்கள் வீடு உக்குவெலைப் பக்கம், எல்கடுவைக்கு ஏறுகிற வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. 18 பேர்ச்சஸ். அப்பா சீட்டுக் கட்டி வாங்கிய காணி. மூன்று தென்னை, ஒரு பலா, ஒரு ரம்புட்டான், ஒரு பட்டர்ப்பழ மரம், வேலியோரச் சீமைக் கிளுவையில் மிளகுக்கொடி. மாத்தளை என்றாலே மிளகு, சாதிக்காய், கராம்பு, கொக்கோ. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமே இங்குதான் இருக்கிறது. 18 பேர்ச்சஸில் யாரும் ஏற்றுமதி செய்வதில்லை. ஆனால் சம்பலுக்குத் தேங்காயும், ஒரு நேரக் கறிக்குப் போஞ்சியும் மரவள்ளியும் வளவிலிருந்தே வரும் என்பதுதான் இந்த ஊரில் ஒரு வீட்டின் கணக்கு. அந்தக் கணக்கு பிழைத்துப் பல வருடமாகிறது.

நான் செய்யாதது ஒன்றுமில்லை. பழைய சீடித் தட்டுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். இரண்டு நாள் பயந்தன, மூன்றாம் நாள் ஒரு குட்டி அதில் முகம் பார்த்தது. மண்ணெண்ணெய் தோய்த்த கயிறு, மிளகாய்த்தூள், சிவப்புத் துணி. கெற்றப்போலால் அடித்தேன், குரங்குக்குப் படவில்லை, எங்கள் சன்னல் கண்ணாடிக்குப் பட்டது. நாய் வளர்த்தேன். ஒரு நாள் பெரிய குரங்கு ஒன்று திரும்பி நின்று பல்லைக் காட்டியது. அதற்குப் பிறகு நாய் குரங்கைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறது. முல்லைத்தீவில் இருக்கிற ஒரு நண்பனிடம் சொல்லிப் பழைய மீன்வலை எடுப்பித்து போஞ்சிப் பாத்தியை மூடினேன். வலை பகலில் குரங்கைத் தடுத்தது, இரவில் முள்ளம்பன்றி கீழால் தோண்டி மரவள்ளியை முடித்தது. மர அணில் என்ற அழகான பிராணி தேங்காயில் வட்டமாக ஒரு துளை போட்டு உள்ளே இருப்பதை முழுக்கச் சாப்பிட்டுவிடும். காய் மரத்திலேயே இருக்கும். பறிக்க ஆளுக்குக் கூலி கொடுத்த பிறகுதான் அது வெறும் சிரட்டை என்று தெரியும்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். கூரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2024 ஒக்டோபர் மழையில் ஓடு விலகிய இடத்தால் தண்ணீர் இறங்கி அம்மாவின் அலுமாரி, என் மடிகணினி, சுவர் ஓரத்து மின் இணைப்பு மூன்றும் பழுது. ஓட்டைக் கழற்றித் தகடு போட்டோம். கடன். இப்போது குரங்கு தகட்டின்மேல் ஓடுகிறது. உள்ளே இருந்தால் அந்தச் சத்தத்தில் தொலைபேசியில் பேச முடியாது.

புலிப் பொம்மை வை என்றும் ஒரு நண்பன் சொன்னான். இந்தியாவில் கர்நாடகத்து விவசாயி ஒருவர் 2019இல் தன் நாய்க்குப் புலிக்கோடு வரைந்து வயலில் உலவவிட்ட செய்தி உலகமெல்லாம் போனது. குரங்குகள் ஓடினவாம். இந்த நாட்டில் ஒரு தமிழன் தன் வளவில் புலியை நட்டு வைத்தால் முதலில் ஓடி வருவது குரங்காக இருக்காது என்று சொன்னேன். அவனும் சிரித்தான். பொம்மை வாங்கவில்லை.

இனி இந்தப் பிரச்சினையை அரசு எப்படிக் கையாண்டது என்று பார்ப்போம். எனக்கு நினைவுள்ள இரண்டு மூன்று வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2023இல் விவசாய அமைச்சராக இருந்த மகிந்த அமரவீர, பயிரை அழிக்கும் சில விலங்குகளைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கும் நடவடிக்கையை அறிவித்தார். குரங்கு, மயில், காட்டுப்பன்றி எல்லாம் அதில் அடக்கம். அதாவது, உங்கள் தோட்டத்துக்கு வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதே வருடம் ஏப்ரலில் சீனாவிலுள்ள மிருகக்காட்சிச் சாலைகளுக்கு ஒரு இலட்சம் குரங்குகளை அனுப்புவது பற்றி ஆராய்வதாகச் சொன்னார். கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் அப்படி ஒரு கோரிக்கை பற்றித் தனக்குத் தெரியாது என்றது. சூழலியலாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏற்றுமதி செய்யப்படாது என்று ஜூன் மாதத்தில் நீதிமன்றத்துக்கு உறுதி கொடுக்கப்பட்டதோடு கதை முடிந்தது. நம்முடைய செங்குரங்கு உலகில் இலங்கையில் மட்டுமே வாழும் இனம், அழியும் ஆபத்துள்ளவை என்ற சர்வதேசப் பட்டியலில் இருப்பது. ஒரு பக்கம் அழிந்துவரும் இனம், மறுபக்கம் நாட்டுக்கு வேண்டாத பொருள். இரண்டும் ஒரே மிருகம்தான்.

ஆட்சி மாறியது. 2024 டிசம்பரில் புதிய விவசாய அமைச்சர் கே.டி. லால்காந்த, தம் காணிக்குள் வரும் விலங்குகளை விவசாயிகள் தாம் விரும்பியபடி கையாளலாம் என்ற பொருளில் பேசியது பெரும் சர்ச்சையானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முழு நாடும் இருளில் மூழ்கியது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுகையுற்றதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி. கொழும்பு முதல் முறையாகக் குரங்கைக் கவனித்தது அன்றுதான் என்று இங்கே சொல்கிறார்கள். அதற்கு ஐந்து வாரம் கழித்து ஐந்து நிமிடக் கணக்கெடுப்பு.

முடிவு வந்தபோது குரங்குகள் 50 இலட்சத்துக்கும் மேல், மயில்கள் 40 இலட்சத்துக்கும் மேல் என்று சொன்னார்கள். சனத்தொகை இரண்டு கோடியே பதினேழு இலட்சம் அளவில் இருக்கிற நாட்டில் நாலு பேருக்கு ஒரு குரங்கு. என்னுடைய பூச்சியமும் அந்தக் கூட்டலில் எங்கோ சேர்ந்திருக்கிறது. வீட்டுக்காரரே எண்ணி வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்த கணக்கு அது. கோபத்தில் கூட்டி எழுதியவர்களும் இருப்பார்கள், என்னைப் போல நேரம் தவறியவர்களும் இருப்பார்கள். பயிற்சி பெற்ற ஒரு குழு தெரிந்தெடுத்த சில இடங்களில் நாள்கணக்காக நின்று எண்ணுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பொலனறுவையில் 1968 முதல் செங்குரங்குகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகிறவர் வொல்ப்காங் டிட்டஸ். உலகிலேயே நீண்ட காலம் நடந்த குரங்கு ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அடையாளம் தெரியும்.

அன்று காலை பெரியம்மா கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. நான் படிவத்தோடு நிற்பதைப் பார்த்து, "என்னாத்தையா எண்ணுற?" என்றார். சொன்னேன். "எண்ணிட்டு என்ன குடுக்கப் போறாங்களாம்?"

அவருக்கு எண்ணுவது என்றால் அதுதான். பெரியம்மா பிறந்தது மாத்தளைத் தோட்டமொன்றில். 1977 கலவரத்தில் லயம் எரிந்த பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். அந்த நாட்களில் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. காடு வெட்டிக் குடியேறி, முப்பது வருடம் தோட்டம் செய்து, 2009இல் எல்லோரையும் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார். அந்த வருடத் தொடக்கத்தில் வன்னியில் 70,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் சொன்னது. பிறகு முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. உணவும் மருந்தும் முதலாவது எண்ணுக்குத்தான் அளக்கப்பட்டன. குரங்கையும் மனிதரையும் நான் ஒப்பிடவில்லை. எண்ணுகிறவரைப் பற்றித்தான் பேசுகிறேன். மெனிக் பாமில் காலையும் மாலையும் தலை எண்ணப்பட்டு நின்ற ஒரு மனுசி, எண்ணினால் ஏதாவது கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஏதாவது எடுக்கப் போகிறார்கள் என்று நினைப்பதில் பிழை இல்லை.

அவர் 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனபோது வளவு காடாகியிருந்தது. மனிதர் இல்லாத நிலத்தில் மிருகம் குடியேறும், அது இயற்கை. வன்னியில் மீளக்குடியமர்ந்தவர்கள் பலருக்கும் இது தெரிந்த கதைதான். கிணற்றுக்குள் பற்றை, வீட்டு அத்திவாரத்தில் பாம்பு, பிழைத்த நாலு தென்னையிலும் குரங்கு. முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இன்றுவரை அதே முறைப்பாடு, யானையும் கூட. சில இடங்களில் மக்கள் இல்லாத காலத்தில் வளர்ந்த காட்டைக் காட்டி, அது வனத் திணைக்களத்துக்குரியது என்று எல்லைக்கல் போடப்பட்டது. அதாவது குரங்குக்கு அங்கே இருக்க உரிமை உண்டு, காணிக்காரருக்கு உறுதி இருந்தால்தான் பேச்சு. மலையகத்திலிருந்து போனவர்கள் பலரிடம் அந்த உறுதி எப்போதுமே இருந்ததில்லை. பெரியப்பா இறந்த பிறகு, கண் சத்திரசிகிச்சைக்கென்று வந்த பெரியம்மா எங்களோடு தங்கிவிட்டார்.

அவர் வந்த பிறகுதான் வெடிப் பிரச்சினை தொடங்கியது.

குரங்கைக் கலைக்க இங்கே நம்பகமான ஒரே வழி சத்தம். யானை வெடி என்று சொல்கிற பெரிய வெடியைத்தான் சொல்கிறேன். பக்கத்து வளவில் ஓய்வுபெற்ற ஒரு சிங்கள ஆசிரியர் இருக்கிறார். ஐம்பது தென்னை, கொக்கோ, மிளகு எல்லாம் உள்ள காணி. ஓய்வூதியத்துக்கு மேல் அவருக்குள்ள வருமானம் அதுதான். விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு வெடி, மத்தியானம் ஒன்று. முதல் நாள் வெடி கேட்டபோது பெரியம்மா கத்தவில்லை, அழவில்லை. கதவுக்குப் பின்னால் கொழுவியிருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். அதற்குள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பெரியப்பாவின் மரணச் சான்றிதழ். "என்ன பெரியம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். பையை அன்று மத்தியானம் வரை கழற்றவில்லை.

நான் போய் அந்த ஆசிரியரிடம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார். "மல்லி, எனக்குத் தெரியாமல் போயிற்றே" என்றார். இரண்டு வாரம் வெடி போடவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவருடைய கொக்கோக் காயில் பாதி போய்விட்டது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டி விற்ற காலம் அது. எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நாங்களே ஒரு ஒழுங்குக்கு வந்தோம். வெடி போடுவதற்கு முன் அவர் வேலியில் வந்து கூப்பிடுவார், நான் பெரியம்மாவிடம் சொல்வேன். பெரும்பாலும் ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறார்.

அவரே என்னிடம் ஒரு நாள், "நீங்களும் துப்பாக்கிக்கு விண்ணப்பம் போடுங்கள்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதிப்பத்திரத்தோடு துப்பாக்கி வைத்திருப்பது சிங்களக் கிராமங்களில் புதிதல்ல. விண்ணப்பம் பிரதேச செயலகம், பொலிஸ், பாதுகாப்பு அமைச்சு என்று போகும். குடும்பத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்பார்கள். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா வீட்டில் இருக்கிறார் என்று எழுதிவிட்டு, பத்திரிகையாளன் என்று தொழிலை எழுதிவிட்டு, துப்பாக்கி வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கவும் கூடும். ஆனால் கேட்காமல் இருப்பதுதான் நமக்குப் பழக்கம். வன்னியில் தோட்டம் செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். "நீங்களே கையாளுங்கள்" என்று ஒரு அமைச்சர் சொல்லும்போது அது எல்லோருக்கும் ஒரே சொல் அல்ல. கையாளக் காணி வேண்டும், அந்தக் காணிக்குப் பத்திரம் வேண்டும், ஆயுதத்துக்கு அனுமதி வேண்டும், வெடிச் சத்தத்தைத் தாங்குகிற மனம் வேண்டும், கூரையைத் திருத்தக் காசும் வேண்டும்.

தோட்டங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கத் தோட்டங்களில் லயங்களுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். கோவா, போஞ்சி, வற்றாளை, நாலு வாழை. சம்பளத்தில் ஓட்டை விழுகிற மாதத்தை அந்தப் பாத்திதான் அடைக்கிறது. குரங்கு தேயிலையைத் தேடி வருவதில்லை. இறப்பரும் அதற்கு வேண்டாம். ஆகவே குரங்கால் நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சதமும் குறைவதில்லை. நட்டம் முழுவதும் லயத்தின் பின்பக்கத்தில்தான் நடக்கிறது. அந்தப் பாத்தியோ தொழிலாளிக்குச் சொந்தமில்லை, நிரந்தரமாக வேலி போடவும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இருநூறு வருடமாக இருக்கிற மக்களுக்கு ஏழு பேர்ச்சஸா பத்துப் பேர்ச்சஸா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கெடுப்புக்குப் பிறகு எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் போய்க் கேட்டேன். நான் பேசிய லயத்தில் ஒருவருக்கும் படிவம் கிடைத்திருக்கவில்லை. "அது காணி வச்சிருக்கவங்களுக்குத் தம்பி" என்றார் ஒரு அக்கா, இதில் என்ன கேள்வி என்பது போல. அவருடைய வாழைக்குலையை அன்று காலைதான் மந்தி இழுத்துப் போட்டிருந்தது.

வேலி போட முடியாதவர்கள் கம்பி போடுகிறார்கள். காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுவது மலையகத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கிப் பின்னர் இறந்தது. நாடே துக்கப்பட்டது. துக்கப்பட வேண்டியதுதான். சுருக்கு வைத்தவர் ஏன் வைத்தார் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. வீட்டு மின்சாரத்தை வேலியில் இழுத்துவிட்டுத் தாங்களே செத்துப் போகிறவர்களும் உண்டு.

நட்டஈடு? அரசின் இலவசப் பயிர்க் காப்புறுதி நெல், சோளம், மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு, சோயா என்ற பயிர்களுக்காக வந்தது. வறட்சி, வெள்ளம், காட்டு யானை என்றால் கேட்கலாம். குரங்கு பறித்த குரும்பைக்கும் மர அணில் குடைந்த தேங்காய்க்கும் வீட்டுத்தோட்டத்துப் போஞ்சிக்கும் அதில் இடமில்லை. நாட்டின் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு வரை விலங்குகளால் போகிறது என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அப்படியானால் அது யாருடைய மூன்றில் ஒன்று என்பதையும் கேட்க வேண்டும்.

மாத்தளைக்கு ஒரு விசேடம் உண்டு. குரங்குகளைப் பிடித்துக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டத்துக்கு 2025 தொடக்கத்தில் தெரிவான மாவட்டம் எங்களுடையது. இதை நான் வரவேற்கிறேன். சுடுவதைவிட, சீனாவுக்கு அனுப்புவதைவிட மேல். ஆனால் இந்த வழியில் வெகு தூரம் போனவர்கள் இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தவர்கள். ஏறத்தாழ இருபது வருடமாகச் செய்கிறார்கள், ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகளுக்குக் கருத்தடை செய்திருக்கிறார்கள். அங்கே கணக்கெடுப்பில் தொகை குறைந்துதான் இருக்கிறது. இருந்தும் சிம்லாவில் கையில் பையோடு நடப்பவரிடம் குரங்கு இன்னும் பறிக்கிறது. இந்தியா 1978இல் குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அங்குள்ள விவசாயிகளில் ஒரு பகுதியினர் இன்னும் சொல்கிறார்கள். எங்கள் அமைச்சரின் சீன யோசனை அவ்வளவு புதியதல்ல. கருத்தடை செய்த குரங்கும் நாளைக்குத் தேங்காய் பறிக்கத்தான் செய்யும். அது சாகும்வரை, பத்துப் பதினைந்து வருடத்துக்கும் மேல் பறிக்கும். பயன் நம் பிள்ளைகள் காலத்துக்கு. அதுவும் ஒரு கூட்டத்தில் பெரும்பகுதியைப் பிடித்தால்தான். பத்தைப் பிடித்து விட்டால் மிச்சம் பத்து ஈடு செய்துவிடும். பிடித்து வேறு காட்டில் விடுவது அதைவிட மோசம். அந்தக் காட்டுக்குப் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கும்.

குரங்கின் தொகையைத் தீர்மானிப்பது உணவு. பொலனறுவை ஆய்வு அரை நூற்றாண்டாகச் சொல்வதன் சாரம் அது. காட்டில் உணவு குறைந்தால் கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ளவை, குட்டிகள், முதலில் சாகும். மனிதன் கொட்டும் குப்பையும் கோயில் வாசலில் கொடுக்கும் வாழைப்பழமும் அந்தச் சாவை நிறுத்திவிட்டன. தம்புள்ளையிலும் சிகிரியாவிலும் சுற்றுலாப் பயணிகள் பிஸ்கட் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். எங்கள் ஊரிலும் மூடியில்லாத குப்பைத் தொட்டிதான். மறுபக்கம் காடு துண்டு துண்டாகிறது. கைவிடப்பட்ட தோட்டக் காணிகள் பற்றையாகின்றன. மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக எங்கள் மாவட்டத்தில் காடும் வயலும் பழைய லக்கலை ஊரும் தண்ணீருக்குள் போயின. அங்கிருந்த மனிதருக்கு மாற்றுக் காணி கொடுத்தார்கள். மிருகத்துக்கு யாரும் கொடுக்கவில்லை, அது தானாக எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னால் நகரத்துச் சூழலியலாளர்கள் மகிழ்வார்கள், என் பக்கத்து வீட்டு ஆசிரியர் கோபிப்பார். இருவருக்கும் நியாயம் உண்டு. சூழலியலாளர் கூரையில் 23 குரங்கு ஓடவில்லை என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே குறை.

சின்னச் சின்ன வேலைகள் இருக்கின்றன. பிரதேச சபை குப்பையை மூடி வைக்கலாம். காய்க்கும் மாதங்களில் ஊருக்கு நாலு காவலாளியைச் சம்பளத்தோடு போடலாம். வீட்டுத்தோட்ட நட்டத்தைக் காணி உறுதி கேட்காமல் கிராம உத்தியோகத்தரின் சான்றோடு பதியலாம். அடுத்த முறை எண்ணினால் லயத்துக்கும் படிவம் கொடுக்கலாம், ஐந்து நிமிடத்தை ஒரு நாளாக்கலாம். இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை. ஆனால் படிவம் வாங்கும் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை என்றால் அவர் நட்டம் நட்டமாகவே தெரியாது. தமிழர் பத்தில் ஒருவராக இருக்கும் மாவட்டத்தில் இது எனக்கு வழக்கமாகிவிட்ட விடயம். வடக்கில் காணிப் பத்திரத்துக்காக அலைகிறவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கருத்தடைக் குழு எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. கிராம உத்தியோகத்தரிடம் கேட்டேன். குரங்குத் தொல்லை கூடிய இடங்களைப் பார்த்துத்தான் வருவார்களாம். கணக்கெடுப்பில் எங்கள் வளவில் எத்தனை என்று பதிந்திருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

பெரியம்மா இப்போது தானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். காலை எட்டு மணிக்குத் தேநீரோடு பின்வாசல் படியில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் பழைய பிஸ்கட் ரின், ஒரு அகப்பைக் காம்பு. குரங்கு வந்தால் அடிப்பார். வெடி அளவுக்குச் சத்தம் வராது, ஆனால் அடிப்பது தான் என்பதால் அவருக்குப் பயமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறார். நேற்று 8.20க்கு 26, இரண்டு புதுக்குட்டி என்று எழுதியிருந்தது.